கார்பனுக்கு விலை: பாலாற்றங்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கல்லூரி மாணவர்கள், தோல் தொழில் செய்பவர்கள், விவசாயிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. தெரிந்தவர்கள் முதல் இரண்டைத் தாண்டிப் போகலாம்.

கார்பனுக்கு விலை என்றால் என்ன? யார், யாருக்குக் கட்டுவது?

நிலக்கரி, டீசல், பெட்ரோல், சமையல் காஸ் என்று எதை எரித்தாலும் கரியமில வாயு வருகிறது. அது காற்றில் பல நூறு ஆண்டுகள் தங்கிப் பூமியைச் சூடாக்குகிறது. எரித்தவருக்கு உடனே ஆதாயம். நட்டமோ எல்லோர் தலையிலும், நாளைக்குப் பிறக்கப்போகிறவர்கள் தலையிலும் விழுகிறது. அந்த நட்டத்தில் ஒரு பங்கையாவது எரித்தவர் கணக்கிலேயே ஏற்றுவதுதான் கார்பன் விலை. ஒரு டன் கரியமில வாயுவுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. வாங்குவது பெரும்பாலும் அரசு. ஆர்தர் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளியல் பேராசிரியர் 1920-லேயே சொன்ன யோசனை இது. பின்லாந்து 1990-ல் முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

மூச்சு விடுவதற்கும் வரி போடுவார்களா என்று நக்கலாகக் கேட்பவர்கள் உண்டு. போட மாட்டார்கள். நம் மூச்சில் போகும் கார்பன் சோற்றிலிருந்து வந்தது. நெல் அதைப் போன பருவத்தில்தான் காற்றிலிருந்து எடுத்தது. கணக்கில் வருவது பூமிக்கடியில் கிடந்ததைத் தோண்டி எரிப்பதுதான்.

கரும்புகை விடும் ஆலைக்கு அதிக விலை, வெண்புகை விட்டால் குறைந்த விலையா?

நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. ராணிப்பேட்டை பெல் ஆலையில் அனல்மின் நிலையங்களுக்கான நிலைமின் சாம்பல் வடிப்பான்கள் தயாராகின்றன. அவை புகையிலுள்ள சாம்பல் தூசியில் 99 சதவீதத்துக்கும் மேல் பிடித்துவிடும், கரியமில வாயுவை ஒரு கிராம்கூடப் பிடிக்காது. புகைபோக்கி பார்க்கச் சுத்தமாக இருக்கும். டன் கணக்கில் வாயு போய்க்கொண்டிருக்கும். அதனால் எரிபொருள் எவ்வளவு எரிந்தது என்பதை வைத்தே கணக்குப் போடுகிறார்கள்.

காசு கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் அசுத்தம் செய்யலாம் என்றுதானே அர்த்தம்?

நம் பகுதியில் இந்தக் கேள்வி கோபத்தோடு வருகிறது, வருவது நியாயமும்கூட. "அசுத்தம் செய்தவரே பணம் கட்ட வேண்டும்" என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைநிறுத்திய தீர்ப்புகளில் முக்கியமானது நம் ஊர் வழக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் ஷாப்புகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், கழிவுநீரை எதிர்த்துப் போட்ட மனுவில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாகத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றும் உத்தரவு. இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம் அமைந்தது. அது 2001-ல் 29,000-க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 26 கோடி ரூபாய் தரச் சொன்னது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாக்கி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அசுத்தம் செய்தவர்களிடம் வசூலிக்கும்படி உத்தரவிட வேண்டியிருந்தது.

அந்தப் பத்தாயிரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நாளைக்குப் பத்துத் தோல் பதனிடுபவருக்கும் பத்தாயிரம், ஆயிரம் தோல் பதனிடுபவருக்கும் அதே பத்தாயிரம். கழிவைப் பாதியாகக் குறைத்தவருக்குச் சலுகை கிடையாது, இரண்டு மடங்காக்கியவருக்குக் கூடுதல் செலவும் கிடையாது. டோக்கன் வாங்கிவிட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சோறு போடச் சொல்லும் அளவில்லாச் சாப்பாடு மாதிரிதான் அது. பழைய குற்றத்துக்குத் தண்டனையாக அது சரியாக இருக்கலாம். நாளைக்கு வரப்போகும் கழிவை அது குறைக்காது.

கார்பன் விலை வேலை செய்யும் விதமே வேறு. ஒவ்வொரு டன்னுக்கும் கட்ட வேண்டும், எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும். கொதிகலனை மாற்றினால் 500 டன் குறையும் என்றால், மாற்றும் செலவையும் 500 டன்னுக்குக் கட்ட வேண்டிய தொகையையும் முதலாளி பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பார். விலை போதிய அளவு இருந்தால் கொதிகலன் மாறும். விலை பேருக்கு ஒட்டவைத்த ஸ்டிக்கராக இருந்தால், நீங்கள் சொல்வதுதான் நடக்கும்: காசு கட்டிவிட்டு எரித்துக்கொண்டே இருப்பார்கள். பாலாற்றில் நாம் பார்த்தது விலையே இல்லாத நாற்பது ஐம்பது வருஷம், அதன் பிறகு கோர்ட்டு, அதன் பிறகு தவணை தவணையாக இழப்பீடு.

வரி ஒன்று, சந்தை ஒன்று என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

வரி என்றால் விலையை அரசு நிர்ணயிக்கும். புகை எவ்வளவு குறையும் என்பது பிறகுதான் தெரியும். சந்தை என்றால் மொத்தம் எத்தனை டன் விடலாம் என்று அரசு வரம்பு கட்டி, அந்த அளவுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு கொடுக்கும். குறைத்தவர் மிச்சச் சீட்டை விற்கலாம், குறைக்க முடியாதவர் வாங்க வேண்டும். விலை சந்தையில் தானாக அமையும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் சந்தை வழியில் போனது. ஆரம்பத்தில் சீட்டுகளைத் தாராளமாக இலவசமாக அள்ளிக் கொடுத்துவிட்டு, 2007-ல் விலை பூஜ்யத்துக்குப் பக்கம் விழுவதைப் பார்த்தார்கள். வரம்பை இறுக்கிய பிறகு 2023 பிப்ரவரியில் டன் 100 யூரோவைத் தொட்டது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு சந்தை ஓடியிருக்கிறது, கார்பனுக்காக இல்லாவிட்டாலும். சூரத்தில் 2019-ல் ஆலைப் புகையிலுள்ள நுண்தூசிக்கு அனுமதிச் சீட்டு முறை வந்தது. உலகிலேயே நுண்தூசிக்கு இதுதான் முதல். சேர்ந்த ஆலைகளில் தூசி 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. புகைபோக்கியில் அளவுக் கருவி பொருத்தி, கணக்கு நேராக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும்படி செய்ததுதான் அதில் பாதி வெற்றி. அளக்க ஆளில்லாத இடத்தில் வரி போட்டாலும் வீண், சந்தை வைத்தாலும் வீண்.

இந்தியாவில் கார்பன் விலை இருக்கிறதா, இல்லையா?

நேரான பதில் இல்லாத கேள்வி. 2010-ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ், அதாவது கூடுதல் வரி, வந்தது. படிப்படியாக ஏறி 2016-ல் 400 ரூபாயானது. சுத்தமான எரிசக்திக்கு என்று சொல்லித்தான் வசூலித்தார்கள். அதில் சிறு பகுதியே அந்த வேலைக்குப் போனது. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாக அது மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் அந்த 400 ரூபாயும் எடுக்கப்பட்டு, நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5-லிருந்து 18 சதவீதம் ஆனது. என் பார்வையில் இது பின்னடைவு. சதவீத வரியில் விலை மலிந்த மட்டமான நிலக்கரிக்கு வரியும் மலிவு.

இன்னொரு பக்கம், எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தி, 2023-ல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தார்கள். அலுமினியம், சிமென்ட், இரும்பு, உரம், காகிதம், பெட்ரோலிய சுத்திகரிப்பு, பெட்ரோ ரசாயனம், குளோர்-ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின்), ஜவுளி என்று ஒன்பது துறைகள். இவற்றில் முதல் இலக்குகள் 2025 அக்டோபரில் சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி ஆலைகளுக்கு வந்தன. இலக்குக்கும் கீழே புகையைக் குறைத்த ஆலைக்குக் கிரெடிட் கிடைக்கும், அதை விற்கலாம். இலக்கைத் தவறவிட்டு, கிரெடிட்டும் வாங்காத ஆலை, கிரெடிட்டின் சராசரி விலையைப்போல் இரண்டு மடங்கைச் சுற்றுச்சூழல் இழப்பீடாகக் கட்ட வேண்டும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐரோப்பாவைப்போல மொத்தப் புகைக்கு இங்கே வரம்பு கிடையாது. ஒரு டன் சிமென்ட்டுக்கு இவ்வளவு என்றுதான் இலக்கு. உற்பத்தி இரட்டிப்பானால் மொத்தப் புகையும் ஏறலாம், இலக்கும் நிறைவேறியிருக்கும். வளரும் நாட்டுக்கு இதுதான் பொருந்தும் என்பது அரசின் வாதம். அதை ஒத்துக்கொண்டாலும், நாட்டிலேயே அதிகப் புகை விடும் அனல்மின் நிலையங்கள் ஒன்பதில் இல்லை என்பதை எப்படி ஒத்துக்கொள்வது?

குடியாத்தம் கைத்தறிக்காரர்கள் ஜவுளி என்ற வார்த்தையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது பெரிய ஆலைகளுக்கு மட்டும்.

பெட்ரோலுக்கு ஏற்கெனவே இவ்வளவு வரி கட்டுகிறோமே, அது கார்பன் விலை இல்லையா?

பேர் வேறு என்றாலும் விளைவு அதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. மத்திய, மாநில வரி இரண்டும் சேர்த்து லிட்டருக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், டன்னுக்கு 17,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. இந்திய நிலக்கரி ஒரு டன் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாயு வரும். பழைய 400 ரூபாய் செஸ்ஸை அதில் வகுத்தால் டன்னுக்குச் சுமார் 250 ரூபாய்.

காட்பாடியிலிருந்து ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர், அதே ஒரு டன் வாயுவுக்கு அனல்மின் நிலையம் கட்டியதைப்போல் அறுபது மடங்குக்கு மேல் கட்டுகிறார். பெட்ரோல் வரியில் சாலைச் செலவும் அரசின் பொது வருமானமும் அடக்கம்தான். அதைக் கழித்தாலும் இந்த வித்தியாசத்துக்கு நியாயம் சொல்வது கஷ்டம். எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தாலும் ஒரு டன்னுக்கு ஒரே விலை என்பதுதான் கார்பன் விலையின் அடிப்படை.

என் வீட்டுச் செலவு எவ்வளவு ஏறும்?

டன்னுக்கு 1,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய விலை இதைப்போல் பல மடங்கு.

டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 70 காசு ஏறும், பெட்ரோல் 2 ரூபாய் 30 காசு. 14.2 கிலோ சிலிண்டருக்குச் சுமார் 42 ரூபாய். மின்சாரம் நம் நாட்டில் யூனிட்டுக்குச் சராசரி 0.7 கிலோ வாயு. ஆக 70 காசு. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீட்டில் கரண்ட் பில் 280 ரூபாய் கூடும். இதில் மின்சாரம்தான் பெரிய அடி. ஆனால் சூரிய மின்சாரமும் காற்றாலையும் கூடக் கூட அந்த 0.7 இறங்கும், கூடவே இந்த 280-ம் இறங்கும்.

வேலூரிலிருந்து சென்னை 140 கிலோமீட்டர். பஸ் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் போனால் 31 லிட்டர் டீசல், 83 கிலோ வாயு, 83 ரூபாய். 45 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 2 ரூபாய்கூட இல்லை. அதே தூரத்தைக் காரில் தனியாகப் போகிறவர் சுமார் 21 ரூபாய் கட்டுவார். இந்தத் தொகைக்காக யாரும் காரை விற்கப்போவதில்லை. வீடுகளைவிட, எந்த மின் நிலையத்தை ஓட்டுவது, புது ஆலைக்கு எந்தக் கொதிகலன் வாங்குவது என்று முடிவு செய்பவர்கள்தான் இந்த விலைக்கு முதலில் அசைவார்கள்.

கடைசியில் ஏழைக்குத்தானே அடி?

வசூலான பணம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. சுவிட்சர்லாந்தில் வீடு சூடாக்கும் எண்ணெய், எரிவாயு மீது 2008 முதல் கார்பன் கட்டணம். வசூலில் மூன்றில் இரண்டு பங்கை மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திருப்பித் தருகிறார்கள். மக்கள் பங்கு தலைக்குச் சமமாக, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் கழித்து வருகிறது. பங்களாக்காரர் அதிகம் எரித்து அதிகம் கட்டுவார், எல்லோருக்கும் திரும்பி வருவது ஒரே தொகை. குறைவாக எரிப்பவர் கையில் மிச்சம்கூட நிற்கும்.

பிரான்சு எரிபொருள் வரியை ஏற்றியது, பணம் திரும்பி வருவதாக மக்களுக்குத் தெரியவில்லை. 2018-ல் மஞ்சள் அங்கி போட்ட போராட்டக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள், ஏற்றம் கைவிடப்பட்டது. கனடா திருப்பித் தந்தது. ஆனாலும் பெட்ரோல் பங்கில் ஏறும் விலை தினமும் கண்ணில் பட்டது, வங்கிக் கணக்கில் சத்தமில்லாமல் விழுந்த பணம் பலர் மனதில் பதியவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோர் மீதான கட்டணத்தை அங்கே நிறுத்திவிட்டார்கள். ஆஸ்திரேலியா 2012-ல் கொண்டுவந்து 2014-ல் ரத்து செய்தது.

நம் ஊரில் செய்வதானால், பணத்தை ரேஷன் கார்டுக்கு இவ்வளவு என்று வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். மகளிர் உரிமைத் தொகை எந்தத் தேதியில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அளவுக்குத் தெரியாத திட்டம் இங்கே ஒரு தேர்தலைத் தாங்காது.

தோல் தொழிலுக்கு என்ன ஆகும்?

ஒன்பது துறைகளில் தோல் இல்லை. நேரடிச் சுமை இப்போதைக்கு இல்லை. மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும் விலை வந்தால் அந்த வழியில் வரும், அதுவும் ஒரு சங்கடமான இடத்தில்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளின் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்பது விதி. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது, ஊறவைத்ததும் அத்தனை உப்பும் தண்ணீரில் இறங்குகிறது. நுண்ணுயிர்த் தொட்டியில் உப்பு போகாது. அதனால் சவ்வு வழியாக அழுத்திப் பிழிய வேண்டும். மிஞ்சும் உப்புத் தண்ணீரை ஆவியாக்கும் கலன்களில் கொதிக்கவைத்துக் கட்டி உப்பாக்க வேண்டும். அழுத்துவதற்குக் கரண்ட், கொதிக்கவைக்க நீராவி. பாலாற்றைக் காப்பாற்ற நாம் கேட்டு வாங்கிய விதியே, காற்றில் கார்பனை ஏற்றும் வேலையாகவும் இருக்கிறது.

அதற்காகச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு விலக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். விலக்குக் கொடுத்தால், ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உப்பைக் கொட்டும் எளிய வேலைக்குக்கூட யாருக்கும் அவசரம் இருக்காது. ஒரு கிலோ உப்பு தண்ணீருக்குள் போகாவிட்டால், அதைப் பிரிக்கும் கரண்டும் நீராவியும் மிச்சம். தோலிலிருந்து சீவி எடுக்கும் சதைக் கழிவில் எரிவாயு எடுக்கலாம், கொட்டகைக் கூரையில் சூரியத் தகடு போடலாம். வசூலாகும் கார்பன் பணத்தில் ஒரு பங்கு இந்த நிலையங்களுக்கே முதலீடாகத் திரும்ப வேண்டும் என்று சங்கங்கள் கேட்டால், அது நியாயமான கோரிக்கை.

பல தோல் ஷாப்புகள் கொதிகலனில் வேலிக்காத்தான் விறகு போடுகின்றன. மறுபடி வளரும் மரம் என்பதால் அதன் புகை வழக்கமாகக் கணக்கில் சைபர். வேலிக்காத்தானுக்கு அது சரி, வெட்ட வெட்டத் தழைக்கும். மலையடிவாரத்து மரமும் அதே லாரியில் வந்தால் அந்தச் சைபர் பொய்க்கணக்கு.

ஐரோப்பா ஏதோ எல்லை வரி போடுகிறதாமே, ஆம்பூர் ஷூவுக்கு உண்டா?

இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவுக்கு ஐரோப்பா வாங்கும் கட்டணம்தான் கார்பன் எல்லை வரி. அது 2023 அக்டோபரில் கணக்கு ஒப்படைக்கும் அளவில் தொடங்கி, 2026 ஜனவரியிலிருந்து முழுமையாக அமலுக்கு வந்திருக்கிறது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு மட்டும். தோலும் ஷூவும் பட்டியலில் இல்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் எஃகு, அலுமினியப் பொருள் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புபவர்கள்தான் தங்கள் பொருளின் சுங்கக் குறியீட்டைச் சரிபார்க்க வேண்டும். ஒரு இறக்குமதியாளர் ஆண்டுக்கு 50 டன்னுக்குள் வாங்கினால் பெரும்பாலான பொருள்களுக்கு விலக்கு உண்டு. பிறந்த நாட்டில் கார்பன் விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். அதாவது அந்தப் பணம் டெல்லியில் தங்குவதா, ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸுக்குப் போவதா என்பதே கேள்வி.

எங்கேயாவது பலன் கிடைத்திருக்கிறதா?

பிரிட்டன் நல்ல உதாரணம். 2012-ல் அங்கே மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து. 2013-ல் ஐரோப்பிய விலைக்கு மேல் தங்கள் பங்குக்கு, இதற்குக் கீழே விலை இறங்கக்கூடாது என்று ஒரு கட்டணத்தையும் சேர்த்தார்கள். நிலக்கரி கட்டுப்படியாகாமல் போனது. கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. எரிவாயுவும் கடல் காற்றாலைகளும் கைவசம் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். சுவீடனில் 1991 முதல் வரி. அது டன்னுக்கு 100 டாலரைத் தாண்டியும் பொருளாதாரம் வளர்ந்தது, புகை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இந்தியர் ஒருவர் விடுவதே கொஞ்சம். நாம் ஏன் கட்ட வேண்டும்?

சராசரி இந்தியர் ஆண்டுக்குச் சுமார் 2 டன், அமெரிக்கர் சுமார் 14 டன். வாதம் சரிதான். டன்னுக்கு ஒரே விலை என்றால் 14 டன் விடுபவர் ஏழு மடங்கு கட்டுவார். நம் நாட்டுக்குள்ளேயும் அதே கணக்குத்தான்: ஏசி ஓடும் வீட்டுக்கும் ஜவ்வாது மலைக் குடிசைக்கும் சராசரி 2 டன் என்று சொல்லிவிட முடியாது.

பம்ப்செட்டுக்கு இலவச கரண்ட் போய்விடுமா?

கார்பன் விலை மின்சாரம் தயாரிப்பவர் மீது விழும். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம். அந்தச் செலவை அரசு மானியமாகக் கொடுக்கிறது. விலை வந்தால் மானியம்தான் ஏறும், மோட்டார் கொட்டகைக்கு பில் வராது. மானியம் ஏறினால் சூரிய பம்ப்செட்டுக்கு மாறச் சொல்லி அரசு நெருக்கும். மாறுவதில் தப்பில்லை. ஆனால் ஆயிரம் அடிக்குப் போர் போட்ட ஊர்களில், வெயில் இருக்கும்வரை சும்மா ஓடும் பம்ப்செட் நிலத்தடி நீரை என்ன செய்யும் என்பது கார்பன் விலையால் தீராத சங்கதி.

நிலத்தில் மரம் இருந்தால் கார்பன் கிரெடிட் பணம் வரும் என்று ஏஜெண்டு வந்து கேட்கிறார். கையெழுத்துப் போடலாமா?

முதலில் கணக்கு. ஒரு மரம் வகையையும் வயதையும் பொறுத்து ஆண்டுக்கு 10 முதல் 25 கிலோ கரியமில வாயுவை இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 200 மரத்துக்கு 20 கிலோ வீதம் 4 டன். டன்னுக்கு 1,000 ரூபாய் கிடைத்தால் ஆண்டுக்கு 4,000 ரூபாய். சரிபார்ப்புச் செலவு, பதிவுச் செலவு, ஏஜெண்டு பங்கு எல்லாம் அதில் போகும். ஏக்கருக்கு லட்சம் என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது, உங்கள் அப்பா வைத்த மாந்தோப்புக்குக் கிரெடிட் கிடைக்காது. இந்தப் பணம் வராவிட்டால் நட்டிருக்க மாட்டோம் என்கிற புது மரங்களுக்குத்தான் கிரெடிட். இருக்கும் தோப்பைக் காட்டி விற்றால் வாங்கியவர் ஏமாந்தார், புகை ஒரு கிலோகூடக் குறையவில்லை.

மூன்றாவது, ஒப்பந்தம் பெரும்பாலும் இருபது முப்பது வருஷத்துக்கு. இடையில் பெண் கல்யாணத்துக்கு மரத்தை வெட்டி விற்கலாமா, நிலத்தை விற்றால் வாங்குபவரையும் அது கட்டுப்படுத்துமா, மரம் காய்ந்துபோனால் வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டுமா, வங்கிக் கடனுக்கு நிலத்தை வைக்கலாமா என்ற நாலு கேள்விக்கும் பதில் தமிழில், எழுத்தில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் தாள் நீட்டினால் அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம். ஒரு நகலை வாங்கிவைத்துக்கொண்டு, பத்திரம் பார்க்கத் தெரிந்த வக்கீலிடம் காட்டிவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். நகல் தர மறுத்தால் வக்கீல் செலவும் மிச்சம்.